உன் புது வண்டியைப் பூட்டும் முன்

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு நீ வந்திருந்தபோது, கிளம்புகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டாய். வேலப்பன்சாவடியில் நீ குடியிருக்கும் தெருவில் காலேஜ் பையன்களின் வண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றனவாம். உன் புது மோட்டார் சைக்கிளை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, இந்த விஷயத்தில் உங்களைவிட யார் நைனா சொல்லிவிடப் போகிறார்கள் என்று சிரித்தாய். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ வண்டியைக் கிளப்பியிருந்தாய். ஆவடிக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே அப்படியொன்றும் தூரமில்லை, இதற்குப் போய் கடிதமா என்று நினைப்பாய். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். பதினைந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுதினால் முடித்துவிடலாம் என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வண்டியை நிறுத்தும்போது முன்சக்கரம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பூட்டு, பூட்டிய பிறகு ஒருமுறை உலுக்கிப் பார். பாதிப் பேர் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான். சங்கிலி போடுவதானால் முன்சக்கரத்தில் போடாதே, சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போவான். பின்சக்கரத்தில் கோத்து, அசையாத இரும்பு எதனோடாவது சேர்த்துக் கட்டு. சினிமா தியேட்டர் ஸ்டாண்டில், ஹேண்டில் லாக் போடாதே சார், வண்டியை நகர்த்தி அடுக்கவேண்டும் என்பார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு, பிளக் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். அவர்கள் தள்ளலாம், யாரும் ஓட்ட முடியாது. ஆர்.சி. புத்தகத்தை வண்டியிலேயே வைத்துவிட்டுத் திரியாதே, திருடனுக்குத் தாம்பூலத்தட்டோடு கொடுப்பது மாதிரி. இன்ஜின் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வீட்டில் பத்திரமாக வை. மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே, ஒரு சோப்புக் கட்டி இருந்தால் போதும், அச்சு எடுத்துவிடுவான். இவ்வளவும் செய்த பிறகும் போகிற வண்டி போகும். அதையும் தெரிந்துகொள்.

இதில் பாதி நான் ஒரு வண்டியைத் தொலைத்துவிட்டுக் கற்றது. நீ ஒன்றாவது சேர்ந்த வருடம் அது. ஃபேக்டரியில் எங்கள் செக்‌ஷனில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து லேத்தில் இரும்பு கடையும் டர்னராகச் சேர்ந்த உன் அப்பன் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது. உன் அம்மா அம்பத்தூர்க்காரி. அவளுக்குக் கூடப் பிறந்தது உன் சேகர் மாமா ஒருத்தர்தான். அப்போது அவருக்கு வேலை இல்லை. பாடியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நேரத்துக்குப் போகவேண்டும், வண்டி கொடுங்கள் என்று கேட்டார். எனக்கு மனமில்லை. உன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள், கொடுத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடி சாவியை நீட்டினார்.

“பூட்டிட்டுதான் மாமா உள்ள போனேன். வந்து பாத்தா வண்டி இல்ல. சாவி என் கைல கீது, வண்டி இல்ல.”

நான் என்ன கேட்டேன் தெரியுமா? யாரிடம் விற்றாய் என்று கேட்டேன். உன் அம்மா முன்னால், பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி கேட்டேன். பூட்டியிருந்த வண்டி எப்படிப் போகும், பூட்டைத் திறக்கச் சாவி வேண்டும், சாவி உன்னிடம்தான் இருந்தது என்று கணக்குப் பாடம் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அழவில்லை, சண்டை போடவுமில்லை. சாவியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு நடந்து போனார். உன் அம்மா மட்டும், என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் உன் மாமா வருவதும் நின்றது. நான் ஷிஃப்டுக்குப் போனபிறகு வருவார், சாப்பிடுவார், நான் திரும்புமுன் போய்விடுவார். கழுவிக் கவிழ்த்த தட்டுகளில் ஒன்று கூடுதலாக இருப்பதை வைத்து எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீ மூன்றாவது போகும்போது இரண்டாவது வண்டி வாங்கினேன். அதிலிருந்துதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. லாரிக்குப் போடுகிற மாதிரி தடியான சங்கிலி வாங்கினேன். கடைப் பூட்டில் நம்பிக்கையில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தெரிந்தவர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து நானே ஒரு பூட்டு கடைந்தேன். அதன் தண்டையும் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தினேன். அரம் போட்டுப் பார்த்தேன், வழுக்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். வண்டியை நம் குவார்ட்டர்ஸ் வாசலில் இருக்கும் இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டினேன். கட்டியவன் அதை ஃபேக்டரிக்கு எடுத்துக்கொண்டு போனேனா என்றால் இல்லை, கேட்டுக்கு வெளியே ஸ்டாண்டில் எட்டு மணி நேரம் நிற்கவேண்டுமே என்று பயம். பழைய சைக்கிளை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்கிறவர்கள், வண்டிக்கு உடம்பு எப்படியிருக்கிறது, காய்ச்சல் ஒன்றும் இல்லையே என்று விசாரிப்பார்கள்.

ஞாயிறுகளில் மாங்காடு போவோமே, உனக்கு நினைவிருக்கும். நீ டேங்க் மேல், உன் அம்மா பின்னால். கோயில் வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போவீர்கள், நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பேன். அத்தனை தடவை போயும் எனக்கு அம்மன் தரிசனம் ஆனதில்லை, கோபுரத்தோடு சரி. உன் அம்மா குங்குமத்தைக் கொண்டுவந்து என் நெற்றியில் வைத்துவிட்டு, வண்டியை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உள்ளே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பாள். கேலிதான். ஆனால் அவள் கேலி யாரையும் குத்தாது.

வண்டிச் சாவி வீட்டில் ஆணியில் தொங்கும், பூட்டுச் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கும். பூட்டுக்கு இன்னொரு சாவி எங்கே என்று உன் அம்மா ஒருநாள் கேட்டாள். ஒரு சாவிதான் செய்தேன், இன்னொன்று கிடையாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

அடுத்து சொல்லப்போவது உனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. நீ நாலாவது சேர்ந்த புதிதில், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஃபேக்டரிக்கு ஆள் வந்தது. வண்டி திருடுகிற கூட்டம் ஒன்று மாட்டியிருந்தது, அவர்கள் காட்டிய இடத்தில் கிடைத்த இன்ஜின்களில் ஒன்று என்னுடையது. வண்டி வாங்கிய அன்றே நான் பென்சிலால் தேய்த்து எடுத்துவைத்த நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. வண்டியை எடுத்தவன் ஸ்டேஷனில் பெஞ்சுக்குக் கீழே குந்தியிருந்தான். நான்தான் அவனிடம் கேட்டேன், வண்டி பூட்டியிருந்ததா என்று.

“பூட்டிதான் சார் இருந்துச்சு. தேஞ்ச சாவி ஒண்ணு வச்சிருந்தேன். போட்டு ஆட்னா தொறந்துக்கும்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அம்பத்தூர் போகிற பஸ் முதலில் வந்தது. ஏறினால் உன் மாமா வீட்டு முனையில் இறங்கிவிடலாம். ஏறவில்லை. அடுத்ததும் அம்பத்தூர் பஸ்தான், அதிலும் ஏறவில்லை. மூன்றாவதாக ஆவடி வண்டி வந்தது, ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள், ஏதோ சொன்னேன். அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் போனபிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே என்று ஆயிற்று. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் மூன்று மாதம் உன் மாமா என் முதுகுக்குப் பின்னால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

காலாண்டு லீவில் நீ வீட்டில் இருந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. உனக்கு அது தெரியும், நீ அங்கே இருந்தாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் மறுநாள் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுதான். காலையில் உன் மாமா வந்திருந்தார். உன் அம்மாவுக்கு வழக்கமாக வருகிற மூச்சு இழுப்பு வந்தது, மாத்திரை போட்டும் அடங்கவில்லை. அப்போது குவார்ட்டர்ஸுக்குள் ஆட்டோ வராது, மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும். வண்டி வாசலிலேயே நின்றது, ஓட்டத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார், பக்கத்து வீட்டு அக்கா பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி வண்டியில் பத்து நிமிடம். மாமா பூட்டுச் சாவி கேட்டார். உன் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை, ஃபேக்டரி இருக்கும் திசையைக் கையால் காட்டினாளாம். அப்படி இருக்காது, இன்னொரு சாவி எங்காவது இருக்கும் என்று நீங்கள் இரண்டு பேரும் தேடியிருக்கிறீர்கள். அரிசி டின், தலையணை உறை, என் சட்டைப் பைகள், பீரோ மேல் இருந்த பழைய பேப்பர் கட்டு. நீ ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னாய்.

தேடிக் கிடைக்காமல் மாமா எதிர்வீட்டிலிருந்து ஹாக்ஸா வாங்கிவந்து சங்கிலியை அறுத்துப் பார்த்தார். மூன்று பிளேடு உடைந்தது. பிறகு உன் அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். ஒரு பால் வேன் நிறுத்தி ஏற்றிக்கொண்டது.

எனக்கு ஆள் வந்து சொல்லி, கேட்டிலிருந்து செக்‌ஷனுக்குத் தகவல் வந்து, பாஸில் கையெழுத்து வாங்கி வெளியே வரும்போது பன்னிரண்டு தாண்டியிருந்தது. யாரும் வேண்டுமென்று தாமதம் செய்யவில்லை, காவல் கெடுபிடி உள்ள அந்த மாதிரி ஃபேக்டரியில் அது அப்படித்தான். வீட்டுக்கு வரச் சொன்னார்கள் என்பதால் சைக்கிளை வீட்டுக்கு மிதித்தேன். கதவு திறந்து கிடந்தது. வாசலில் பிளேடுத் துண்டுகள். சங்கிலியில் கீறல். குனிந்து பார்த்தேன். அறுபடவில்லை. குமரா, இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று அரைமணி நேரம் பேனாவை மூடிவைத்திருந்தேன். அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. என் பூட்டு தாங்கிவிட்டதே என்று ஒரு நிறைவு. ஒரு நொடிதான் இருக்கும். பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் பையன் வந்து ஆஸ்பத்திரி என்றான்.

அங்கே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் மாமா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது. டாக்டர் என்னவோ சொன்னார், இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாமா எழுந்து வந்து, இத்தனை வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் கையைப் பிடித்தார்.

“நீங்க இன்னா மாமா பண்ணுவீங்க. கீற ஒரு சாவியும் உங்க இடுப்புல மாட்டிகினு இருந்துச்சு.”

நான் தலையாட்டினேன்.

இன்னொரு சாவி வீட்டில்தான் இருந்தது, குமரா. முன்னறையில் வாசல் கதவை ஒட்டி இருக்கும் சுவிட்ச் போர்டின் மரப்பெட்டிக்குள், ஒயர்களுக்குக் கீழே. இரண்டு திருகாணியைக் கழற்றினால் கைக்கு வரும். உன் மாமா கையில் கிடைக்கக்கூடாது என்று நான் வைத்த இடம் அது. மறுநாள் நீ விரல் விட்டுச் சொன்னபோது கடைசியாக, உள்ளே இருட்டாக இருந்தது, மாமா லைட்டைப் போட்டுவிட்டுத் தேடினார் நைனா என்றாய். அந்த லைட்டுக்கு அந்தப் போர்டில்தான் சுவிட்ச். அவர் விரல் அதன்மேல் பட்டிருக்கிறது.

நான் அழவில்லை என்று பதினாறாம் நாள் வரை வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கல்மனசு என்றார்கள், அதிர்ச்சி என்றார்கள். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினாலும் யாரோ ஒருவர் காலைக் கிள்ளுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி வந்துவிடும், வரும்போது வலிக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், உனக்குச் சட்டை தைக்கக் கொடுத்தேன். அந்தச் சாவியை நான் வெளியே எடுக்கவே இல்லை. அந்தச் சுவிட்சைத் தினமும் போடுகிறேன், முன்னறைக்கு வேறு சுவிட்ச் இல்லை.

வண்டியை மாமாவுக்கே கொடுத்துவிட்டேன். பாவம், அக்கா ஏறவேண்டிய வண்டி என்று சொல்லி அவர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அந்த வண்டியில்தான் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உனக்கு டைஃபாய்டு வந்தபோது மூன்று வாரம் அவர்தான் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டார். உனக்குப் பெண் பார்க்கப் போனபோது சுமதியின் வீட்டில் என்னைவிட அதிகம் பேசினது அவர்தான். கல்யாணத்தில் தாய்மாமனாக உனக்கு மாலை போடப்போகிறவரும் அவர்தான். இத்தனை வருடமும் என்னைத் தேற்றிக்கொண்டே இருந்தார். தேற்றும்போதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அதனால் நான் உனக்குச் சொல்வது இதுதான். எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடு, நானே உனக்குக் கடைந்து தருகிறேன். ஆனால் இன்னொரு சாவியைச் சுமதியின் கையில் கொடு. எங்கேயோ வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே, கையில் கொடு. அவள் அதை யாருக்குத் தூக்கிக் கொடுத்தாலும் கேட்காதே. யார்மீதாவது சந்தேகம் வந்து, அது தப்பு என்று தெரிந்தால், முதலில் வருகிற பஸ்ஸில் ஏறிவிடு. அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்காதே. அடுத்த பஸ்ஸிலும் ஏறமாட்டாய், நான் பெற்ற பிள்ளைதானே, என் ரத்தம் உனக்கும் கொஞ்சம் இருக்கும்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவிடம் கொடு. நானே அவரிடம் போய்ச் சொல்வதுதான் முறை என்று தெரியும். மூன்று முறை அவர் வீட்டு முனை வரைக்கும் போய் வந்துவிட்டேன். கல்யாணம் முடியட்டும், நல்ல காரியத்துக்கு முன்னால் எதற்கு என்று தோன்றியது, அப்படித் தோன்றியதாலேயே இப்போது எழுதுகிறேன். எனக்கு அப்படித் தோன்றுவதெல்லாம் என்ன என்று எனக்கே தெரிந்துவிட்டது. மாலை போடுவதற்கு முன்னால் அவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். உனக்கும்.

நேற்று மாமா தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்டு என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வராதீர்கள், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே வந்து வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். சரி என்றேன். இந்தக் கடிதம் புதன்கிழமையே உன் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். ஏழு மணி வரைக்கும் நிற்பேன். அவர் வரவில்லை என்றால் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிடுவேன். ஏன் வரவில்லை என்று உன்னையோ அவரையோ ஒருநாளும் கேட்கமாட்டேன்.

அப்பா